புதன்கிழமைக்காரர்

மாவுக்கட்டு போட்ட வலது கையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, இடது கையால் போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்து நிறுத்துவதற்குள் அது ஒன்பது முறை அடித்துவிட்டது. அதன் பிறகுதான் சிஸ்டரின் முகம் திரையில் வந்தது. அவளுக்குப் பின்னால் கூடாரத் துணி காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, போனை எடுக்க இவ்வளவு நேரமா?"

"பாத்ரூம்ல இருந்தேன்."

"நேத்தும் பாத்ரூம்லதான் இருந்தீங்க. வயிறு சரியில்லையா?"

"வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு எத்தனை கேஸ்?"

"ஏழு முடிஞ்சுது. இன்னும் நாலு இருக்கு. ஒரே மண்ணுங்க. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் உள்ள வந்துடுது. வேகவச்ச கத்தரிக்கோலை மூடிக்கிட்டே தூக்கிட்டு ஓடறோம்." அவள் நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அந்தத் தீக்காயப் பொம்பளை சொன்னேன்ல, நாலு நாளா கண்ணே திறக்காம கெடந்தா? இன்னிக்குத் திறந்தா. திறந்ததும் என் சட்டையில குத்தியிருந்த அட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னுட்டா."

"அப்படியா" என்றார்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. சோறும் முட்டையும்."

அது பொய். நான்கு நாட்களாக அவர் டீயில் ரொட்டியை முக்கித் தின்றுகொண்டிருந்தார். ஒற்றைக் கையால் முட்டை உடைக்கப் போய், அடுப்பு மேடையெல்லாம் வழிந்து, அதைத் துடைக்கவும் முடியாமல் விட்டுவிட்டிருந்தார்.

அவரை எல்லோரும் பிரேக் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்த்தவர். பஸ் உள்ளே நுழையும்போதே சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் லைனிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். தெருவுக்கே அவள் சிஸ்டர். கேட்டுக் கேட்டு இவர் வாயிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. "கட்டிக்கிட்டவளை சிஸ்டர்னு கூப்பிடற ஒரே ஆம்பளை நான்தான்" என்பது டிப்போவில் அவர் வருஷக்கணக்காகச் சொல்லிவந்த ஜோக்.

குழந்தை இல்லை. இவருக்குக் காலை ஷிப்ட் என்றால் அவளுக்கு மாலை ஷிப்ட். ஒரே வீட்டில் இருந்தும் வாரத்தில் இரண்டு வேளைதான் சேர்ந்து சாப்பிட்டார்கள். ரிட்டையர் ஆனதும் ஒழிந்த நேரமெல்லாம் நமக்குத்தான் என்று இருவருமே நினைத்திருந்தார்கள். இவர் முதலில் ரிட்டையர் ஆனார். இரண்டு வருஷம் கழித்து அவள் ஆனாள். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரமே, கடல் தாண்டிப் போய் வைத்தியம் செய்யும் ஒரு தொண்டு அமைப்பிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர்கள் வெட்டவெளியில் கூடாரம் போட்டிருக்கிறார்கள், அனுபவமுள்ள தியேட்டர் நர்ஸ் வேண்டும், நாலு மாதம். போகட்டுமா என்று கேட்டாள். உன் இஷ்டம் என்றார். நாலு மாதம் முடிந்து, இன்னொரு நாலு மாதம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று போனில் கேட்டாள். அதற்கும் உன் இஷ்டம் என்றார். அதற்கு மறுநாள்தான் குளியலறை ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஸ்டூல் மேல் ஏறி, ஈரத்தில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருந்தது. தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, தானே மூன்று மாடி ஏறி வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வந்துவிடுவாள். அங்கே இருப்பதே இரண்டு தியேட்டர் நர்ஸ்கள். இது ஒரு காரணம். சொல்லியும் அவள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு காரணமும் உள்ளே இருந்தது. அதை அவர் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

*

கீழ்த்தளத்தில் இஸ்திரிக் கடை வைத்திருந்த பெண்மணி ஐந்தாம் நாள் கடையில் நின்றபடியே அவரைப் படியில் பார்த்தாள். சட்டையில் ஒரு பொத்தான்கூடப் போடாமல் துண்டால் மூடிக்கொண்டு பால் வாங்க இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது கோலம்?"

"கை கொஞ்சம் பிசகிடுச்சும்மா."

"கொஞ்சமா? தும்பிக்கை மாதிரி தொங்குது. சமையலுக்கு என்ன பண்றீங்க?"

"அது ஓடுது."

"என்னத்த ஓடுது, மூஞ்சி ஒட்டிப்போய்க் கிடக்கு." அவள் அங்கேயே இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். வீட்டோடு முடங்கிக் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்து, கூடமாட உதவும் தொண்டு அமைப்பு ஒன்று ஊரில் இருந்தது. அதன் ஆட்கள் போடும் நீலச் சட்டைகள் அவள் கடைக்குத்தான் இஸ்திரிக்கு வரும். "வேண்டாம்மா, வேண்டாம்" என்று இவர் இடது கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே விலாசத்தைச் சொல்லி முடித்துவிட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். நீலச் சட்டை. ஒரு கையில் டிபன் கேரியர், இன்னொரு கையில் கிளிப் அட்டையில் செருகிய படிவம்.

"நான் லிஃப்ட் மெக்கானிக் சார். புதன்கிழமை எனக்கு வார லீவு, அன்னிக்கு மட்டும் இந்த வேலை. எங்க தலையெழுத்தைப் பாருங்க, வாரம் ஆறு நாள் லிஃப்ட்டோட குடும்பம் நடத்தறேன், லீவு நாள்ல அனுப்பற வீடெல்லாம் படிக்கட்டாவே இருக்கு."

பிரேக்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ஆறு நாள் ஆகியிருந்த தொண்டை கரகரத்தது.

லிஃப்ட்காரர் கேரியரைப் பிரித்தார். சோறு, பருப்பு, வெந்த உருளைக்கிழங்கு. இடது கையால் ஸ்பூன் பிடிக்கத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வைத்தார். அடுப்பு மேடையில் காய்ந்து ஒட்டிக்கிடந்த முட்டையைக் கரண்டிக் காம்பால் சுரண்டித் துடைத்தார். அப்புறம் எதிரில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தார்.

"வீட்டுல கூட யாரு இருக்காங்க சார்?"

"யாரும் இல்ல."

"அம்மா?" சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். தியேட்டர் உடையில், தொப்பியோடு, ஆஸ்பத்திரி வாசலில் சிஸ்டர் சிரித்துக்கொண்டிருக்கும் படம்.

"அவ போயிட்டா."

பேனா நின்றது. "எப்ப சார்?"

"நாலு மாசம் ஆச்சு."

லிஃப்ட்காரர் பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ரொம்பக் கஷ்டமா இருக்கா சார்?"

அப்போதுதான் பிரேக்குக்கு அவர் என்ன புரிந்துகொண்டார் என்று உறைத்தது. ஐயையோ அப்படி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் கேள்வியை இந்த நாலு மாதத்தில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. பால் கடைக்காரர், பழைய டிப்போ சிநேகிதர்கள், எதிர் வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: எவ்வளவு பெரிய சேவை, நீங்கள் கொடுத்து வைத்தவர். "ஆமா" என்றார். "கஷ்டமாத்தான் இருக்கு."

லிஃப்ட்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி நகக்கண் கறுத்த கை. பிரேக்கின் கையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

*

அடுத்த புதன்கிழமை வந்ததும் சொல்லிவிடவேண்டும் என்று செவ்வாய் முழுக்க ஒத்திகை பார்த்தார். "ஒரு சின்னத் தப்பாயிடுச்சு பாருங்க" என்று ஆரம்பிப்பதாக ஏற்பாடு. ஆனால் வந்தவர் கேரியரை வைத்த கையோடு, "இன்னிக்கு உங்களைக் குளிப்பாட்டப் போறேன், கூச்சப்படாதீங்க" என்று மாவுக்கட்டின் மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டிவிட்டார். முதுகு தேய்த்துவிடும் மனிதரிடம் போய் எதைச் சொல்வது?

குளித்ததும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு முகம் மழித்துவிட்டார். நிதானமான கை. தாடையைப் பிடித்துத் திருப்பி, இரண்டு கிருதாவும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். "ரசமட்டம் வச்சுப் பாத்தாலும் குத்தம் சொல்ல முடியாது சார்."

பிறகு பேச்சு. லிஃப்ட் கயிறு, பஸ் பிரேக், எது அறுந்தால் எது பிடிக்கும், மேலதிகாரிகளின் அறிவு. லிஃப்ட்டுக்கும் பிரேக் உண்டு, கரண்ட் போனால் அது தானாகவே கவ்விக்கொள்ளும் என்று அவர் சொன்னதும், "எங்க பஸ்ஸுலயும் பிரேக்குல காத்து போச்சுன்னா அப்படித்தான்" என்று இவர் குதித்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் அதையே பேசினார்கள். அவர் போன பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. வியாழனும் வெள்ளியும் நகரவே இல்லை.

சிஸ்டர் தினமும் பேசினாள். இவர் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சோறும் முட்டையும் என்றார்.

மூன்றாவது புதன்கிழமை மழை. லிஃப்ட்காரர் நனைந்து வந்தார். துண்டு கொடுத்தார் பிரேக். தலையைத் துவட்டிக்கொண்டு வெகு நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே பேசத் தொடங்கினார்.

"என் சம்சாரம் போன அன்னிக்கும் இப்படித்தான் மழை சார்."

பிரேக் அவர் அருகில் போய் நின்றார்.

"ஒரு கட்டடத்துல ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள மூணு பேர். ஒரு பொம்பளை கத்திக்கிட்டே இருந்தா. நான் மேல நின்னு, 'பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்'னு சொல்லிக்கிட்டே வேலை பாத்தேன். லிஃப்ட் குழிக்குள்ள போன் எடுக்காது சார். ரெண்டு மணி நேரம். மூணு பேரையும் இறக்கிட்டேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு, நீங்கதான் கடவுள்னுச்சு. வெளிய வந்து போனைப் பாத்தா, வீட்டுலேர்ந்து பதினாலு தடவை கூப்பிட்டிருக்கா. நெஞ்சு வலின்னு." துண்டைக் கையில் சுருட்டினார். "நான் போறப்ப சமையக்கட்டுல கெடந்தா. போன் கையிலயே இருந்துச்சு. யாருக்கோ நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன் பாருங்க."

பிரேக் அந்தத் துண்டை வாங்கிக் கொடியில் போட்டார்.

"இதை என் பொண்ணுகிட்டகூடச் சொன்னதில்ல சார். மூணு வருஷம் ஆச்சு. உங்களுக்குப் புரியும்னுதான்."

பிரேக் தலையை அசைத்தார். அன்றோடு உண்மையைச் சொல்லும் வழி அடைபட்டுப்போயிற்று. இனி சொன்னால், ஒருவர் நெஞ்சுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பொய்க்கணக்கில் வாங்கிக்கொண்டதாக ஆகும்.

*

நான்காவது புதனுக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், இவர் படுத்திருந்தபோது கதவுப் பூட்டில் சாவி திரும்பியது. சிஸ்டர் பெட்டியோடு உள்ளே வந்தாள். வெயிலில் கறுத்து, இளைத்து, கண்களுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்காமலே மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"முப்பத்திமூணு." அவர் எழுந்து உட்கார்ந்தார். "இஸ்திரிக்கார அம்மா சொல்லிச்சா?"

"யாரும் சொல்லல. ஒரு மாசமா இடது கையால டீ குடிக்கிறீங்க. சட்டையில பொத்தான் இல்ல. அதைக்கூட விடுங்க. உங்க கிருதா கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். இப்ப புதன்கிழமை ஆனா ரெண்டும் சமமா இருக்கு. யாரோ வந்து ஷேவ் பண்ணிவிடறாங்கன்னா கை போயிடுச்சுன்னுதானே அர்த்தம்? முப்பத்தினாலு வருஷம் நர்ஸா இருந்தவ கண்ணுல மண்ணைத் தூவப் பாத்தீங்களா?"

இரண்டு வார லீவில் வந்திருந்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். வீக்கம் இல்லை. நகத்தை அழுத்தி ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். அப்புறம் குளிக்கப் போய், குளியலறைக்குள் தண்ணீர் திறக்காமல் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அழைப்பு மணி அடித்தபோது பிரேக் கழிப்பறையில் இருந்தார். ஓடிவந்து முந்திக்கொள்ள முடியவில்லை. கதவைத் திறந்தவள் அவள்.

லிஃப்ட்காரர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். அவள் முகத்தையும், உள்ளே சுவரில் இருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க... அம்மாவோட தங்கச்சிங்களா?"

"எந்த அம்மா? நான் அவரோட வீட்டுக்காரி. நீங்கதான் புதன்கிழமை வர்றவரா? உள்ள வாங்க."

"வீட்டுக்காரம்மா..." என்றார் அவர். "இல்ல, சார் சொன்னாரு... நீங்க போயிட்டீங்கன்னு."

"போனேன். வெளிநாட்டுக்கு. நேத்துத்தான் வந்தேன்."

வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடையில் வந்து நின்ற பிரேக்கை லிஃப்ட்காரர் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். டிபன் கேரியரை மெல்லக் கீழே வைத்தார். "சாப்பாடு சூடா இருக்கு. ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கினார். மூன்று மாடிக்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது.

சிஸ்டர் கதவைச் சாத்தினாள்.

"என்னைச் சாகடிச்சிட்டீங்களா?"

"போயிட்டான்னுதான் சொன்னேன்."

"அவர் தப்பா எடுத்துக்கிட்டா திருத்தத் தெரியாதா?"

"முதல் நாள் விட்டுட்டேன். ரெண்டாவது நாள் வாய் வரல. மூணாவது நாள் முடியல."

"ஏன் முடியல?"

லிஃப்ட்காரர் சொன்னது அவர் நாக்கின் நுனிக்கு வந்தது. அது அடுத்தவர் சொத்து. விழுங்கிவிட்டார்.

"அவர் ஒருத்தர்தான் கஷ்டமா இருக்கான்னு கேட்டாரு" என்றார். "மத்த எல்லாரும் நான் குடுத்து வச்சவன்னு சொல்றாங்க. நீ அங்க உசிரைக் காப்பாத்திக்கிட்டு இருக்கே. எனக்கு இங்க முட்டை உடைக்க முடியல, பேச ஆளில்லன்னு சொன்னா கேக்கறவன் காறித் துப்ப மாட்டான்? பொண்டாட்டி செத்தவனுக்குத்தான் அழ உரிமை இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கிருமிநாசினி பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நான் ஒண்ணு கேக்கறேன். ரிட்டையர் ஆகி மூணு வாரம் இந்த வீட்டுல இருந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம?"

"என்ன பேசினோம்?"

அவர் மாவுக்கட்டின் ஓரத்தைப் பிய்த்தார்.

"ஒண்ணும் பேசல. காலையில பேப்பரை எடுத்தா பத்து மணிக்குத்தான் உங்க மூஞ்சி தெரியும். அலமாரித் துணியை நாலு தடவை கலைச்சு நாலு தடவை மடிச்சேன். அங்க தியேட்டர்ல ஒரு நிமிஷம் நான் இல்லன்னா சிஸ்டர் எங்க, சிஸ்டர் எங்கன்னு நாலு பேர் கத்துவாங்க. இங்க நான் மொட்டை மாடியில போய் ரெண்டு மணி நேரம் நின்னுட்டு வந்தேன் ஒரு நாள். எங்க போனேன்னுகூட நீங்க கேக்கல. லெட்டர் வந்தது. போகட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான் கேட்டேன். பேப்பருக்குப் பின்னாடியிருந்து 'உன் இஷ்டம்'னீங்க."

"உன்னைத் தடுக்கக்கூடாதுன்னு..."

"தெரியுது. இப்பத் தெரியுது."

லிஃப்ட்காரர் வைத்துவிட்டுப் போன கேரியரை அவள் எடுத்துவந்து பிரித்தாள். ஒரு ஆளுக்கான சோறு. இரண்டு தட்டில் பங்கு போட்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

*

அடுத்த புதன்கிழமை மணி அடிக்கவில்லை. மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். உள்ளிருந்து வெளிறிய, தோல் உரிந்த, யாருடையதோ போன்ற ஒரு கை வந்தது. வெள்ளிக்கிழமை காலை அந்தக் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிரேக் கிளம்பினார். வெள்ளிதோறும் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை என்று லிஃப்ட்காரர் ஒரு நாள் சொல்லியிருந்தார்.

மூன்று லிஃப்ட்டில் ஒன்றின் முன்னால் 'பழுது பார்க்கப்படுகிறது' என்ற பலகை நின்றது. கதவு திறந்திருந்தது. லிஃப்ட் பெட்டி மேலே ஏற்றி நிறுத்தப்பட்டிருக்க, கீழே மார்பளவு ஆழக் குழிக்குள் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, லிஃப்ட்காரர் பெட்டி ஓடும் தண்டவாளத்தைக் கழிவுப்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். கிரீஸும் சூடான உலோகமும் கலந்த வாசனை. பிரேக் மூக்கை உறிஞ்சினார்.

"லைனிங் தேயுற நாத்தம் வருதே."

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். "மேல மோட்டார் ரூம்ல. இன்னிக்குத்தான் மாத்தப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

பிரேக் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஃபைல்களோடு போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"தப்புப் பண்ணிட்டேங்க. மன்னிப்புன்னு கேட்டா அது ரொம்பச் சின்ன வார்த்தையா இருக்கு. நீங்க சொன்னதை நான் யார்கிட்டயும் சொல்லல. அவகிட்டயும் சொல்லல."

லிஃப்ட்காரரின் கை நின்றது. "அது போதும் சார்."

"கோபம் இருந்தா நாலு வார்த்தை திட்டிடுங்க."

"கோபம் இல்ல." அவர் பஞ்சை உதறி, இன்னொரு பக்கமாக மடித்துக்கொண்டார். "உங்களுக்குச் சொன்னாப் புரியுமோ என்னவோ. அன்னிக்குக் கதவைத் திறந்தாங்க அம்மா. போட்டோவுல இருக்கறவங்க உயிரோட நிக்கறாங்க. மனுஷனா இருந்தா என்ன தோணணும்? நல்லவேளைன்னு தோணணும். எனக்கு வயிறு எரிஞ்சுது சார். இவருக்கு மட்டும் எப்படித் திரும்பி வந்தாங்கன்னு. படியிறங்கற வரைக்கும் அதையேதான் நினைச்சேன். தொண்டு செய்யறேன்னு நீலச் சட்டை போட்டுக்கிட்டு வர்றவனுக்கு அடுத்தவன் பொண்டாட்டி உயிரோட இருக்கறது பொறுக்கல. அந்த மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு உங்க வீட்டுக்கு எப்படி வர்றது?"

பிரேக் உரிந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன். வேற ஆள் அனுப்புவாங்க."

"கட்டு பிரிச்சாச்சு. ஆள் வேண்டாம்."

"அப்ப சரி."

மேலே யாரோ பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது. "நகருங்க சார், கதவைச் சாத்தணும்" என்றார் லிஃப்ட்காரர்.

*

திங்கட்கிழமை சிஸ்டர் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். விடிந்தால் விமானம். நடுவில் கையை நிறுத்திக்கொண்டு கேட்டாள்.

"போகட்டுமா?"

அவர் வாய் தானாக 'உன்' என்று ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டார்.

"போகாதேன்னுதான் இருக்கு."

அவள் கையிலிருந்த துணியைப் பெட்டிக்குள் போடாமல் கட்டிலில் வைத்தாள்.

"ஆனா அங்க லிஸ்ட் போட்டு வச்சிருப்பாங்க" என்றார். "அந்தத் தீக்காயப் பொம்பளைக்கு ரெண்டாவது ஆபரேஷன் இருக்குன்னியே."

"அதை நான் பாத்துக்கறேன். உங்களுக்கு என்ன இருக்குன்னு மட்டும்தான் கேட்டேன்." அவள் அவர் பக்கத்தில் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஒத்துக்கிட்டதை முடிச்சுக் குடுத்துடறேன். அறுபத்தெட்டு நாள். அதுக்கு மேல இருக்கச் சொன்னா முடியாதுன்னுடுவேன்."

"சரி."

"கை விழுந்தா சொல்லணும். கால் விழுந்தா சொல்லணும். ஒண்ணுமே விழலன்னாலும் சொல்லணும்."

"என்னன்னு சொல்றது?"

"இன்னிக்கு வீடு வெறிச்சுனு இருக்குன்னு சொல்லுங்க. எனக்கும் கூடாரம் அப்படித்தான் இருக்கும். நானும் சொல்றேன்."

அவள் போன பிறகு வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. இப்போது அதைச் சொல்ல முடிந்தது என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. அவர் ரப்பர் பந்தைக் காலையில் நூறு முறை, மாலையில் நூறு முறை அழுத்தினார். பேப்பரை நிறுத்திவிட்டார். முட்டை உடைக்கப் பழகினார். இரண்டு புதன்கிழமைகள் பதினொரு மணிக்குக் காரணமில்லாமல் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படியில் யார் ஏறினாலும் இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டார்கள்.

மூன்றாவது புதன்கிழமை, பன்னிரண்டு தாண்டி அழைப்பு மணி அடித்தது. லிஃப்ட்காரர் நின்றுகொண்டிருந்தார். நீலச் சட்டை இல்லை. சாயம் போன ஒரு கட்டம்போட்ட சட்டை. கையில் ஒன்றும் இல்லை.

"இன்னிக்கு அவங்க என்னை எந்த வீட்டுக்கும் அனுப்பல சார்" என்றார். "வீட்டுல உக்காந்திருந்தேன். முடியல." தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சாப்பிட ஏதாவது இருக்கா?"

பிரேக் வழிவிட்டார். சோறு இருந்தது. மூன்று முட்டையை உடைத்து ஊற்றினார். வலது மணிக்கட்டுக்கு இன்னும் பலம் வரவில்லை. திருப்பிப் போடும்போது பிய்ந்து, ஒரு பக்கம் கருகிவிட்டது. லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் தட்டை வழித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பிரேக் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"பேசுங்க சார், பேசுங்க" என்று லிஃப்ட்காரர் தட்டோடு எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார்.

"என்னங்க, இன்னிக்கு எப்படி இருக்கு?" என்றாள் சிஸ்டர். கூடாரத் துணி படபடத்தது.

"இன்னிக்குப் பரவாயில்ல."

"தண்ணிச் சத்தம் கேக்குது? குழாயை மூடாம வந்துட்டீங்களா?"

"இல்ல. ஒருத்தர் வந்திருக்காரு. தட்டுக் கழுவறாரு."

அவள் யாரென்று கேட்கவில்லை. அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததை, மண் காற்றை, தன் இடுப்பு வலியை. இவரும் சொன்னார். சொல்லி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டைக் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.